பரங்கிமலை அருகே ஆர்மீனியப் பாலம்: ஒரு தாளின் பயணம்

ஏறக்குறைய இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள படம் அது. ஒரு பாலம் அதன் குறுக்கே நீண்டு கிடக்கிறது. தாழ்வான வளைவுகள், ஒன்றுக்கொன்று அளவு மாறுபட்டவை, எண்ணினால் 29 வரும் என்பார்கள். அடியில் ஆறு. தொலைவில் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு தேவாலயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே தாராளமாக வானம். இலண்டனில் 1797இல் அச்சான இந்தப் படத்துக்கு அதை வரைந்தவர்கள் வைத்த பெயர் ‘சென்னைப்பட்டினத்தில் புனித தோமையார் மலை அருகே உள்ள ஆர்மீனியப் பாலம்’.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் அந்தக் குன்றைத் தினமும் கடக்கிறார்கள். பழவந்தாங்கலுக்கும் கிண்டிக்கும் நடுவே வரும் பரங்கிமலைதான் அது. ஆறு அடையாறு. கிண்டியை விட்டு சைதாப்பேட்டைக்குள் நுழையும் முன் ரயில் அதைத் தாண்டுகிறது. கிழக்கே சிறிது தூரத்தில் அண்ணா சாலையின் பாலம். மலையும் ஆறும் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. படத்தில் உள்ள பாலத்தைத்தான் காண முடியாது. 240 ஆண்டுகள் மக்களைக் கரை சேர்த்த ஒரு பாலத்தை அதன் முழு நீளத்தோடும் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பது இது போன்ற சில தாள்கள்தான். அதனால்தான் இந்தத் தாளின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

கதை தாளுக்கு முன்பே தொடங்குகிறது. பாரசீகத்தின் இஸ்ஃபஹான் நகரை ஒட்டிய ஜூல்ஃபா, ஆர்மீனிய வணிகர்களின் ஊர். அங்கிருந்து கிளம்பிய கோஜா பெட்ரஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்து, 1720களில் சென்னைக்கு வந்து குடியேறினார். தோமையார் மீது அவருக்கு ஆழ்ந்த பக்தி. மலைக்குப் போகும் யாத்ரீகர்களுக்கு அடையாறு ஒரு தடை. மழைக்காலத்தில் அக்கரை போக வழியில்லை. 1726இல் உஸ்கான் தம் கைப்பணத்தில் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். பராமரிப்புக்கென்று மேலும் 1,500 வராகனைத் தனியாக ஒதுக்கி வைத்தார். மலையேற 160 படிகளும் அவர் உபயம். முட்டிவலியோடு அந்தப் படிகளில் ஏறும் பாட்டிமார்களை இன்றும் பார்க்கலாம். அவர்களில் எத்தனை பேருக்கு உஸ்கானைத் தெரியுமோ. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். மறுத்தார், சொத்தை இழந்தார். 1751இல் இறந்தபோது உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் பிறந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு எடுத்துச் சென்றார்கள்.

ஆங்கிலேயர் வழக்கில் பாலத்துக்கு மர்மலாங் பாலம் என்று பெயர். பக்கத்து மாம்பலம் கிராமம் அவர்கள் நாவில் அப்படி ஆகிவிட்டது. படத்தை வரைந்தவர்களோ அந்தப் பெயரை விட்டுவிட்டுக் கட்டியவரின் இனத்தின் பெயரையே தலைப்பில் பொறித்தார்கள். அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

அவர்கள் இருவர். தாமஸ் டேனியல் 1749இல் பிறந்தவர். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழில் பழகியவர். அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் 1769இல் பிறந்தவர். தகப்பன் இறந்தபின் வில்லியமைத் தாமஸ்தான் வளர்த்தார். 1785இல் இருவரும் இங்கிலாந்தில் கப்பலேறி, சீனா வழியாக அடுத்த ஆண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வில்லியம் அப்போது பதின்பருவப் பையன். கல்கத்தாவின் 12 காட்சிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி, உள்ளூர்க் கைவினைஞர்களின் துணையோடு அங்கேயே அச்சிட்டார்கள். தகடு தேய்ப்பது முதல் தாளை அழுத்துவது வரை எல்லா வேலையும் தன் தலையில் விழுந்தது என்று தாமஸ் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். பிறகு கங்கைச் சமவெளி, தில்லி, கார்வால் மலைகள் என்று வடக்கே மூன்றாண்டு சுற்றல்.

தெற்கே அவர்கள் வந்தது 1792 மார்ச் இறுதியில். வந்த நேரம் முக்கியமானது. அதே மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பாதி நாட்டை இழந்திருந்தார். பத்தாண்டுகளுக்கு முன் இதே சென்னைக்கு வந்த வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியருக்கு உள்நாட்டைச் சுற்றி வரைய வாய்ப்பு கிட்டவில்லை. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்திருந்ததால் அவரால் கோட்டையை விட்டு வெகுதூரம் போக முடியாமல் போயிற்று. டேனியல்களுக்கோ கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் மலைக்கோட்டைகள் எல்லாம் திறந்து கிடந்தன. பல்லக்குத் தூக்கிகள், கூடாரம் சுமப்பவர்கள், மாட்டுக்காரர்கள் என்று பெரிய பரிவாரத்தோடு ஏப்ரலில் கிளம்பி, வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, பாபநாசம், இராமேசுவரம், தஞ்சாவூர் எல்லாம் பார்த்துவிட்டு நவம்பரில் சென்னைக்குத் திரும்பினார்கள். 1793 பிப்ரவரி வரை இங்கே இருந்தார்கள். கோட்டை, கறுப்பர் நகரம், குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய மாளிகை, மாமல்லபுரத்துக் கோயில்கள் ஆகியவற்றோடு இந்தப் பாலத்தையும் வரைந்தது இந்தச் சில மாதங்களில்தான். வடகிழக்குப் பருவமழையும் அதை அடுத்து வரும் இளவெயிலுமான காலம் அது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கிறது.

வரைந்த முறையைச் சொல்ல வேண்டும். கையோடு ஓர் இருட்டறைப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஒரு வில்லையும் ஒரு கண்ணாடியும் சேர்ந்து வெளிக்காட்சியைத் தாளின் மேல் விழச் செய்யும்; விழுந்த கோடுகளைப் பென்சிலால் ஒற்றி எடுப்பார்கள். புகைப்படம் பிறக்க இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது. வழிதோறும் தூரத்தை அளக்கச் சக்கர அளவுகோல் ஒன்றும் வைத்திருந்தார்கள். ஹாட்ஜஸின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களில் நின்று அவர் எங்கே எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். இந்தக் கறார்த்தனத்தால்தான் 29 வளைவுகளும் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் நிற்கின்றன. அழகுக்காக ஒரே அளவாக்கியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

ஆனால் கோடு கறாராக இருப்பதால் படம் முழுதும் நடுநிலை என்று ஆகிவிடாது. 1769இல் ஹைதர் அலி தம் குதிரைப்படையோடு வந்து பாளையம் இறங்கியது இதே பரங்கிமலையில்தான். அங்கே இருந்தபடியே கிழக்கிந்தியக் கும்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அந்தத் தலைமுறை ஆங்கிலேயருக்கு இந்தக் குன்று ஓர் அச்சத்தின் பெயர். டேனியல்களின் படத்தில் அச்சத்தின் சுவடே கிடையாது. பாலம் பொறுமையாக நீண்டு கிடக்கிறது, மலை எட்டத்தில் அமைதியாக இருக்கிறது. இனி இது நம் ஊர், பயமின்றி இரசிக்கலாம் என்று இலண்டன் வீட்டுக் கூடத்தில் இருப்பவருக்கு அது சொல்கிறது. பாலம் கட்டியது கும்பெனி அல்ல, ஓர் ஆர்மீனியர் என்பதைத் தலைப்பு சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பென்சில் கோடாக இருந்த பாலம் சென்னையை விட்டுக் கிளம்பிப் போன வழி நேர்வழியாக இல்லை. வரைந்த எண்ணெய் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு நடத்தி விற்றுவிட்டு, டேனியல்கள் கப்பலில் பம்பாய் போனார்கள். அங்கிருந்து மஸ்கட் வழியாகத் தரைமார்க்கமாக ஊர் திரும்புவது திட்டம். நடுவில் பிரான்சோடு போர் மூண்ட சேதி வந்தது. திரும்பி, சீனாவின் காண்டன் துறைமுகம் போய், சீனப் பேரரசரைக் கண்டு திரும்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவின் கப்பல் கூட்டத்தோடு சேர்ந்து, 1794 செப்டம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். உப்புக்காற்றையும் கப்பலின் ஈரத்தையும் தாங்கி, அடையாற்றின் கோடு பாதி உலகம் சுற்றியது.

இலண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தை அடுத்த ஹவ்லண்ட் தெருவில் வீடு எடுத்தார்கள். அந்த வீட்டில் நடந்த வேலைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அக்வாடின்ட் என்பது கோடுகளை அச்சிடும் கலை மட்டும் இல்லை. நீர்வண்ண ஓவியத்தின் நிழலையும் அது தாளில் கொண்டுவரும். மெருகேற்றிய செப்புத்தகட்டின் மேல், சலித்த கோலமாவு போன்ற நுண்ணிய பிசின் தூளைச் சீராகப் படியவிட வேண்டும். அடியிலிருந்து சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே அமிலத்தில் இறக்கினால், துகள்களுக்கு இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத சந்துகளில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை தங்கும். குறைவாக அரித்தால் வெளிர் நிழல், அதிகம் அரித்தால் அடர் நிழல். வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். சில நொடி அமிலம். எடுத்துக் கழுவி, வானத்தின் இளநிழலை மூடுவார்கள். மறுபடி அமிலம், மலையை மூடுவார்கள். மறுபடி அமிலம், ஆற்றின் பளபளப்பை மூடுவார்கள். கடைசிவரை அமிலத்தில் கிடப்பது முன்கரையின் இருளும் வளைவுகளுக்குள் தங்கும் நிழலும். ஒரு கட்டத்தில் கணக்குத் தவறினாலும் வாரக்கணக்கான உழைப்பு வீண். போதாக்குறைக்குத் தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். அச்சில் விழும்போதுதான் பாலம் நேராகும்.

வில்லியம் இந்த வேலையில் ஆண்டுக்கணக்கில் தம்மைக் கரைத்துக்கொண்டார். விடிகாலை தொடங்கி நள்ளிரவு வரை தகட்டின் மேல் குனிந்திருந்தவர் என்பது அவரைப் பற்றிய பழைய செய்தி. அச்சு வெளிவந்ததும் ஒவ்வொரு படியையும் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஆகவே உலகில் உள்ள எந்த இரண்டு ‘ஆர்மீனியப் பாலமும்’ அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்க வாய்ப்பில்லை. ஒன்றில் வானம் சற்று நீலமாக இருக்கும், இன்னொன்றில் மாலைப் பழுப்பு ஏறியிருக்கும். வண்ணம் தீட்டிய கைகளின் பெயர்கள் தாளின் ஓரத்தில் இல்லை. இங்கே பல்லக்கைச் சுமந்தவர்களின் பெயர்களும் இல்லை.

‘ஓரியண்டல் சீனரி’ என்ற வரிசையில் 1795 முதல் 1808 வரை ஆறு தொகுதிகளாக 144 படங்கள் வெளிவந்தன. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். அன்றைக்கு அது பிரபுக்களும் கும்பெனி மேலதிகாரிகளும் மட்டும் தொடக்கூடிய விலை. சைதாப்பேட்டை ஆற்றங்கரையின் படம் முதலில் போய் அமர்ந்தது அவர்களுடைய நூலகங்களில்தான். பிறகு 1812 முதல் 1816 வரை சிறிய அளவில் ஒரு பதிப்பு வந்தபோது இன்னும் சில படிகள் கீழே இறங்கியது.

இந்த வரிசையின் உடன்பிறந்த படங்கள் போன இடங்களைச் சொன்னால் வியப்பாக இருக்கும். பிரான்சின் ரிக்ஸ்ஹைமில் சூபர் என்ற நிறுவனம் 1807இல் ‘இந்துஸ்தான்’ என்ற பரந்தகாட்சிச் சுவர்த்தாளைத் தயாரித்தது. வடிவமைத்தவர் பியேர் அந்துவான் மோஞ்சான். 20 நீளத் தாள்கள், அவற்றை அச்சிட 1,265 மரக்கட்டைகள், 85 வண்ணங்கள். சுவர்களைச் சுற்றி ஒட்டினால் அறை முழுதும் இந்தியா. அந்த இந்தியாவின் கட்டடங்களை மோஞ்சான் எடுத்தது டேனியல்களின் படங்களிலிருந்துதான். ஆனால் தில்லியின் வாசலையும் வங்காளத்தின் படித்துறையையும் தெற்கத்திக் கோபுரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, எங்குமே இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கிவிட்டார். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற மாளிகை முகலாயக் குவிமாடத்தோடு எழுந்தபோது ஆலோசனை சொன்னவர் தாமஸ் டேனியல். ஸ்டாஃபர்ட்ஷயரின் நீலவெள்ளைப் பீங்கான் தட்டுகளிலும் அவர்களுடைய கோயில்களும் குளக்கரைகளும் ஏறின. நம் ஊர்க் காட்சியின் மேல் யாரோ இரவு உணவைப் பரிமாறிக்கொண்டார்கள். நல்லவேளையாக ஆர்மீனியப் பாலம் இந்த ஒட்டுவேலைகளுக்கு அகப்பட்டதாகத் தெரியவில்லை. அது ஓரிடத்தின் காட்சியாகவே நின்றது.

தாள் அங்கே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, படத்தில் உள்ள மலைக்கு இங்கே வேறொரு வேலை வந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியை நீட்டினார். தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் பிறந்தது. வேளச்சேரியும் மேடவாக்கமும் வயலும் ஏரியுமாக இருந்த நாள் அது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே மலையை ஒருவர் வில்லை வழியே பார்த்து வரைந்தார், இன்னொருவர் வில்லை வழியே பார்த்து அளந்தார். இரண்டும் கும்பெனிக்குப் பயன்பட்டன. ஆனாலும் தென்சென்னைப் புறநகரின் பழைய தோற்றத்தைத் தேடுகிற நமக்கு இந்த இருவரையும் விட்டால் போக்கிடம் அதிகம் இல்லை.

இதே பாலத்தை வரைந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. பீரங்கிப்படை அதிகாரி ஜேம்ஸ் ஹண்டர் அவர்களில் ஒருவர். மர்மலாங் பாலத்தைப் பின்னால் நிறுத்தி, முன்னால் சீருடை அணிந்த சென்னைச் சிப்பாய் ஒருவரை நிறுத்தினார். எட்வர்ட் ஆர்ம் என்ற பதிப்பாளர் அதை இலண்டனில் 1800களின் தொடக்கத்தில் வெளியிட்டார். சிப்பாயின் முகத்தை நன்றாகப் பார்க்க முடிகிறது. பாலம் அவருக்குப் பின்திரைதான். பிறகு சென்னையிலேயே ஜான் கான்ட்ஸ், அவர் மகன் ஜஸ்டினியன் கான்ட்ஸ் ஆகியோர் கல்லச்சுக் கூடம் நடத்தி, நகரின் வீடுகளையும் தெருக்களையும் வரைந்து தள்ளினார்கள். படம் அச்சாக இனிக் கடல் தாண்டத் தேவையில்லை என்ற நிலை வந்தது.

ஐரோப்பாவின் ஆசை அதற்குள் பன்மடங்கு பெரிதாகியிருந்தது. எடின்பரோவில் இராபர்ட் பார்க்கர் 1787இல் ஒரு புதுக் காட்சிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். வட்டமான கட்டடம், உட்சுவர் முழுதும் ஒரே ஓவியம், நடுமேடையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கூட்டம். பானரமா என்று அதற்குப் பெயர் பரவியது. இலண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கெனத் தனிக் கட்டடம் 1793இல் திறந்தது, டேனியல்கள் சென்னையை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டில். 1800இல் இராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்த காட்சியை சுமார் 120 அடி நீளத் திரையில் ஆறே வாரத்தில் தீட்டினார். திப்பு இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் போரை இலண்டன் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

முதுமையை நெருங்கிய வில்லியம் டேனியலும் இந்தக் கலைக்கு வந்தார். இதற்கிடையே அவர் பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 அக்வாடின்ட் படங்கள் செய்திருந்தார். 1822இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினராகத் தேர்வானபோது அவரிடம் தோற்றவர் ஓவியர் கான்ஸ்டபிள். 1830களின் தொடக்கத்தில் ஈ. டி. பாரிஸ் என்ற ஓவியரோடு சேர்ந்து ‘சென்னை நகரம்’ என்ற பானரமாவை இலண்டனில் காட்டினார். அதற்கு அடிப்படையாக இருந்தவை அகஸ்டஸ் எர்ல் என்ற ஊர்சுற்றி ஓவியரின் வரைபடங்கள். சிட்னியையும் நியூசிலாந்தையும் வரைந்துவிட்டு, 1829 வாக்கில் சென்னையில் தங்கி எர்ல் வரைந்தவை அவை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த நகரம் இனி அப்படியே இருக்காது என்று வில்லியமுக்குத் தெரிந்திருந்தது. தம் பழைய கோடுகளை நம்பாமல் அண்மையில் பார்த்தவரின் கண்ணை நம்பினார். அந்த நேர்மை பெரிது. 1833இல் சென்னைக் கோட்டையைப் புயல்காற்று கடந்துபோகும் காட்சியை எண்ணெய் ஓவியமாகவும் தீட்டினார். 1837இல் அவர் மறைந்தார். மூன்றாண்டுக்குப் பின் 91 வயதில் தாமஸும் மறைந்தார். இருவரும் இந்தியாவுக்கு மறுபடி வரவே இல்லை.

பெரும் பானரமாத் திரைகளின் முடிவு பரிதாபமானது. கூட்டம் குறைந்ததும் சுருட்டி வைத்தார்கள், வெளியூருக்கு அனுப்பினார்கள், அதே துணியின் மேல் அடுத்த நகரத்தைத் தீட்டினார்கள். மண்டபம் நிறைத்த சென்னை நகரத்தை இன்று பார்க்க வழியில்லை. இரண்டடிச் செப்புத்தகட்டின் படிகள் மட்டும் நூலக அடுக்குகளில் பத்திரமாக இருந்தன. சிறியதாக இருந்ததும், ஒன்றுக்குப் பலவாக இருந்ததும் அதைக் காப்பாற்றின.

கல்லச்சும் புகைப்படமும் பரவியதில் அக்வாடின்ட் தொழில் மங்கியது. சென்னை அரசு 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார் அவர். பெட்டிக்குள் விழுந்த காட்சியைக் கையால் ஒற்றி எடுக்கும் காலம் அத்தோடு முடிந்தது.

அதன்பின் ஆர்மீனியப் பாலத்துக்கு நேர்ந்தது பிரிவு. 20ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் வணிகர்கள் தோல் அட்டை போட்ட பெரிய தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனித் தாள்களாக விற்றார்கள். தொகுதியாக விற்பதைவிட அதில் காசு அதிகம். பாலம் ஒரு வீட்டுக்கும் மலைக்கோட்டை வேறு வீட்டுக்கும் போயின. சட்டம் போட்டு வெயிலில் மாட்டியவற்றில் கையால் தீட்டிய நீலம் வெளுத்துப்போனது. மாறாக, கல்கத்தா விக்டோரியா நினைவகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் டேனியல்களின் படைப்புகள் பெருந்திரட்டாகச் சேர்ந்தன. சென்னையில் கோட்டை அருங்காட்சியகத்தின் மாடியிலும் அவர்களின் அச்சுப்படங்கள் உண்டு. மில்ட்ரெட் ஆர்ச்சர் 1980இல் வெளியிட்ட நூலில் அவர்கள் போன வழியை ஊர் ஊராகத் தொடர்ந்தார். 1990களில் இத்தாலியப் புகைப்படக்காரர் அந்தோனியோ மார்த்தினெல்லி அவர்கள் நின்ற இடங்களிலேயே போய் நின்று, அதே கோணத்தில் படம் எடுத்தார். கோயிலும் கோட்டையும் அவருக்குப் பெரும்பாலும் அப்படியே கிடைத்தன. நம் பாலத்துக்கு அந்தப் பேறு கிட்டாது. 1966இல் அந்த இடத்தில் எழுந்த புதுப் பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர் சூட்டப்பட்டது. பழைய வளைவுகள் போய்விட்டன.

எஞ்சியது ஒரு கல்வெட்டு. சைதாப்பேட்டைப் பக்கத்துப் பாலமுனையில், ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் என்று மூன்று மொழிகளில் உஸ்கானின் கொடையைச் சொல்லும் கல். அவ்வழியே நிமிடத்துக்கு நூறு வண்டி போகிறது. அந்த மூன்றில் ஒன்றைப் படிக்கத் தெரிந்தவர் அரிது.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இந்தப் படத்தின் நல்ல நகல் ஒன்றைப் பெரிதாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. அடையாறு நம் புறநகரின் ஆறு. ஆதனூர் ஏரியில் பிறந்து, மேற்குத் தாம்பரத்தை ஒட்டி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரையும் வாங்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்கு வருகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் முடிச்சூரில் முதல் மாடி வரை நீர் ஏறியது. செம்பரம்பாக்கத்திலிருந்தும் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தபோது, சைதாப்பேட்டையில் வெள்ளம் பாலத்தைத் தொட்டதால் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எதிர்பாராத வெள்ளம் என்று பலரும் சொன்னார்கள். 1726இல் தம் சொந்தப் பணத்தில் கட்டிய ஒரு வணிகர் இந்த ஆற்றுக்கு 29 கண் விட்டிருக்கிறார். சுமார் 395 மீட்டர் நீளம். கோடையில் கால் நனையாமல் கடக்கக்கூடிய ஆற்றுக்கு இத்தனை நீளம் எதற்கு என்று அவருடைய கொத்தனார்கள் கேட்கவில்லை. கரையில் நின்று மழைக்காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இரண்டு ஓவியர்கள் அந்த அகலத்தை ஓரம் வெட்டாமல், சுருக்காமல், இருட்டறைப் பெட்டியில் விழுந்தபடியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளச் சமவெளி எது, ஆக்கிரமிப்பு எது என்று நீதிமன்றங்களும் துறைகளும் வாதிடும்போது வருவாய் வரைபடங்களை விரிக்கிறார்கள். ‘ஓரியண்டல் சீனரி’யின் இந்தத் தாளையும் பக்கத்தில் விரிக்கலாம். கரை எங்கே இருந்தது என்பதற்கு அது ஒரு கண்சாட்சி. தாளை எங்கும் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் படி இணையத்தில் வந்துவிட்டது. முடிச்சூரில் வீட்டுக்கு முன் நின்றபடியே கைபேசியில் திறந்து, வளைவுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி எண்ணலாம்.